நிற்கத் தெரிந்த வண்டி

திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டையை அடுத்து, ஆந்திர எல்லைக்கு அணித்தாக உள்ள அம்மையார்குப்பம் எங்கள் ஊர். நெசவு எங்கள் ஊரின் உயிர்த்தொழில். விடியுமுன்பே தறியோசை கேட்டுக் கண் விழித்து வளர்ந்தவன் நான். கைத்தறியின் ஓசை மனிதன் மூச்சு விடுவதைப் போன்றது. சற்று விரையும், சற்றுத் தளரும், நெய்பவர் வெற்றிலை போட எழுந்தால் நின்றுவிடும். விசைத்தறிக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. இரண்டையும் ஒரே தெருவில் கேட்டுப் பழகிய காரணத்தால், இயந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு அச்சமும் உண்டாவதில்லை, மயக்கமும் உண்டாவதில்லை. அதன் வேகத்தை வகுப்பவர் யார், வேண்டும்போது அதை நிறுத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற இரண்டு கேள்விகளே முதலில் தோன்றுகின்றன.

மோட்டார்க் கார் செய்யும் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குத் துணையாகத் தாமே நடமாடும் ரோபோ வண்டிகளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். தறி நெய்யும் ஊரானுக்குக் கார்த் தொழிற்சாலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் கால்கோள் இட்டு, 1998-இல் முதற்கார்களை வெளியே விட்டது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை தொடங்கிற்று. 2024 செப்டம்பரில், அரக்கோணத்துக்கு அப்பால் உள்ள பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கார் எங்கள் வாசலை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது எனலாம். எங்கள் பக்கத்து இளைஞர் பலர் தறிமேடையை விட்டிறங்கித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டனர். இதைக் கேட்கும் மாணவர்களிலும் சிலர் நாளை அந்தப் பேருந்தில் இருப்பீர்கள்.

என் அக்காள் மகன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துக்கொண்டு அப்படியொரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அது எந்தத் தொழிற்சாலை என்பது நம் பேச்சுக்குத் தேவையில்லை. அவனுக்குக் கிடைத்த வேலை கார் பொருத்துவதன்று. பொருத்துகிறவர்களுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது. கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் விளக்குகளையும் கம்பிக் கற்றைகளையும் கதவின் உள்தகடுகளையும் ஏற்றிக்கொண்டு, தொழிலாளர்கள் 'லைன்' என்று சொல்லும் ஓடும் தொடரின் ஓரத்தில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியுடன் திரும்ப வேண்டும். திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் ஏறக்குறைய 30,000 உறுப்புகள் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய தொழிற்சாலைகளில் நிமிடத்துக்கு ஒரு கார் என்ற அளவில் லைன் நகர்கிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு கார்கள் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஒரே வகையாகவும் இருப்பதில்லை. ஆகவே சிவப்புக் காருக்கு உரிய கண்ணாடி மூடி சிவப்புக் கார் வரும் நொடியில் அங்கே இருக்க வேண்டும். ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும்.

ஒரு நாள் அவன் தன் நடையைக் கைப்பேசியில் எண்ணிப் பார்த்தான். பதினெட்டாயிரம் அடி வந்தது. திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஏறக்குறைய ஐம்பது முறை மலை ஏறும் எண்ணிக்கை அது. படி ஏறுவது வேறு, சமதரையில் நடப்பது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவன் தானே விரும்பித் தோளில் ஏற்றிக்கொள்கிறான். மறுநாள் இறக்கி வைத்துவிடுகிறான். இவனுக்கு மறுநாளும் அதே சுமை, அதே வழி. முதல் ஆண்டு முடிவதற்குள் முழங்காலில் நோவு கண்டது. வயது இருபத்திரண்டு.

பிறகு ஒரு நாள் அந்தத் தொழிற்சாலைக்கு ஆளில்லா வண்டிகள் வந்தன.

தொழிலாளர் குடும்பத்தாரை உள்ளே அழைத்துக் காட்டிய ஒரு நாளில் நானும் போய் அவற்றைப் பார்த்தேன். ரோபோ என்றவுடன் திரைப்படத்தில் கண்ட இரும்பு மனிதனை எதிர்பார்த்துச் சென்ற என் பேத்திக்குப் பெரிய ஏமாற்றம். முழங்கால் உயரத்தில் ஒரு தட்டைப் பெட்டி, அடியில் சக்கரங்கள், தலையில் ஒரு மஞ்சள் விளக்கு. அது சுமைவண்டியின் அடியில் நுழைந்து, ஒரு கொக்கியை மேலே நீட்டிப் பற்றிக்கொண்டு, அதை இழுத்துச் செல்கிறது. போகும்போது ஒரு சிறு இசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஐஸ் வண்டி வருவதைப் போல இருக்கிறது என்றாள் பேத்தி. வழியில் ஒருவர் குறுக்கிட்டால் முதலில் மெதுவாகிறது, பிறகு நின்றுவிடுகிறது, அவர் விலகியதும் மீண்டும் பாடிக்கொண்டே புறப்படுகிறது. உரிய இடம் வந்ததும் சுமையை விட்டுவிட்டு, வெற்று வண்டியைப் பற்றிக்கொண்டு கிடங்குக்குத் திரும்புகிறது. மின்கலத்தில் ஆற்றல் குறைந்தால் தானே மூலைக்குச் சென்று மின்னேற்றிக்கொள்கிறது.

இந்தக் கடைசி வித்தை புதியதன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் என்ற நரம்பியல் அறிஞர் 1948, 1949 ஆண்டுகளில் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று அவற்றுக்குப் பெயர். வெளிச்சத்தைத் தேடி ஊரும், முட்டிக்கொண்டால் விலகும், மின்கலம் தளர்ந்தால் தம் கூண்டுக்குள் புகுந்துகொள்ளும். 1950-களில் அமெரிக்காவில் பாரெட் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம், மின்சாரம் ஓடும் கம்பியின் தடம் பற்றித் தானே செல்லும் இழுவை வண்டியைச் சரக்குக் கிடங்குகளுக்குச் செய்து கொடுத்தது. கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தை வண்டியில் உள்ள கம்பிச்சுருள் உணரும். வண்டி வலப்புறம் விலகினால் இடப்புறம் திருப்பும். இடப்புறம் விலகினால் வலப்புறம் திருப்பும். உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ள தத்துவத்துக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் கண்ட வண்டிகளுக்குக் கம்பிக்குப் பதிலாகத் தரையில் ஒட்டிய காந்த நாடா.

இவற்றுக்கு அடுத்த தலைமுறை, தரையில் கோடே இல்லாமல் வழி தேடும் வண்டிகள். இவை எப்படி வழி அறிகின்றன? சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக்கொண்டு போனாலே வந்த தூரம் தெரியுமே என்று நீங்கள் சொல்லலாம். தெரியும், ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். சக்கரத்தின் அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு தவறு இருந்தால், நூறு மீட்டர் சென்றபின் வண்டி தான் இருப்பதாக நினைக்கும் இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் ஒரு மீட்டர் வேறுபாடு வந்துவிடும். கார்த் தொழிற்சாலையில் ஒரு மீட்டர் என்பது ஒருவரின் கால். மின்சாரம் நின்ற இரவில் நாம் வீட்டுக்குள் எப்படி நடக்கிறோம்? அடியை மட்டும் எண்ணுவதில்லை. தூணைத் தொட்டு, கதவுநிலையைத் தொட்டு, நாம் இருக்கும் இடத்தைத் திருத்திக்கொண்டே நடக்கிறோம். வண்டியும் அப்படியே லேசர் ஒளியால் தூண்களையும் சுவர்களையும் தொட்டுப் பார்க்கிறது. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் செல்லும். மூன்று மீட்டர் தொலைவில் உள்ள தூணைத் தொட்டுத் திரும்ப, அத்தகைய கூறுகள் இருபது போதும். அந்த இருபதை அளக்கும் கடிகாரம் அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கிறது. எனக்கு வியப்பூட்டியது அதுவே. அந்த இசை அன்று.

அதே லேசர் ஒளியே வண்டியின் காவலும் ஆகிறது. வண்டிக்கு முன்னே கண்ணுக்குத் தெரியாத இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டிருக்கும். வெளி எல்லைக்குள் ஆள் வந்தால் வேகம் குறையும். உள் எல்லைக்குள் வந்தால் வண்டி நின்றுவிடும். வேகம் கூடினால் எல்லைகள் நீள வேண்டும். அதுவும் நேர் விகிதத்தில் அன்று. சுமையோடு 600 கிலோ எடையுள்ள வண்டி நொடிக்கு ஒரு மீட்டர் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 300 ஜூல். இரண்டு மீட்டர் சென்றால் 1,200 ஜூல். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். அதனால்தான் இவ்வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டியே செல்கின்றன. இத்தகைய வண்டிகளின் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தர அமைப்பு 2020-இல் ஐ.எஸ்.ஓ. 3691-4 என்ற விதியை வெளியிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த லேசர் பெரும்பாலும் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரே தளத்தில்தான் வீசுகிறது. மேசையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையை அது காணாது; தரையில் கிடக்கும் கையுறையையும் காணாது. இயந்திரத்தின் கண் நம் கண்ணைப் போன்றதன்று என்பதை அதனோடு நடமாடுபவர் ஒருநாளும் மறக்கலாகாது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும், நிற்கத் தெரியாத வண்டியை மனிதரிடையே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. 1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் பிளாட் ராக் என்னும் ஊரில், ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்படத் தொழிற்சாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளர் சரக்கு அடுக்கின்மீது ஏறிப் பொருள் எடுத்துக்கொண்டிருந்தார். பொருள்களைத் தானே எடுத்துவரும் ஒரு டன் எடையுள்ள இயந்திர வண்டி பின்புறமாக வந்து அவர்மீது மோதிற்று. அவர் அங்கேயே மாண்டார். வயது இருபத்தைந்து. ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் என்று அவர் பெயரைக் குறிப்பிடுவர். ஆள் இருப்பதை உணர்ந்து நிற்கவோ, ஒலி எழுப்பி எச்சரிக்கவோ போதிய ஏற்பாடு இல்லை என்று அவர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1983-இல் நடுவர் குழு அக்குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது. என் பேத்தி கேட்டு நகைத்த அந்தச் சிறு இசைக்குப் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன.

ரோபோ என்ற சொல்லே உழைப்பின் துயரத்திலிருந்து பிறந்ததுதான். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அது முதன்முதல் வந்தது. 'ரோபோட்டா' என்ற செக் சொல்லுக்கு, நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை என்று பொருள். நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருவதும் அதுவே. வெட்டி வேலைக்கு இயந்திரத்தை வைத்தாயிற்று. மனிதன் விடுபட்டானா என்பதே கேள்வி.

இந்த இடத்தில் தறிக்கு வருகிறேன். 1733-இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் பறக்கும் நாடாவைக் கண்டுபிடிக்கும்வரை, அகலத் துணி நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கமிருந்து நாடாவை எறிய, மற்றவர் மறு பக்கத்தில் பிடிப்பார். கே செய்த அமைப்பில், கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் நாடா தானே ஓடி மறுகரை சேரும். ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஓடும் அந்த நாடாவும் ஒரு சுமைவண்டிதானே? எங்கள் ஊர்க் கைத்தறிகளில் இன்றும் ஓடுவது அதன் வழிவந்த நாடாதான். அது நெசவாளியின் கைக்குக் கட்டுப்பட்டது. அவர் இழுத்தால் ஓடும், இழுக்காவிட்டால் நிற்கும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், தாய் வீட்டில் தறி நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர். ஆண்டுக்கணக்கில் தறியையே எண்ணிக்கொண்டிருந்து, 1924-இல் ஒரு தானியங்கித் தறியை முழுமையாக்கினார். பாவு நூலில் ஒன்று அறுந்தாலும் அது தானே நின்றுவிடும். அதுவரை நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி வீணாகும். அதைக் காக்க ஒவ்வொரு தறிக்கும் ஒரு கண் வேண்டும். 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம் அத்தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. சகிச்சியின் மகன் கிச்சிரோ, அந்தத் தறி நிறுவனத்துக்குள்ளேயே 1933-இல் கார்ப் பிரிவைத் தொடங்கினார். 1937-இல் அது டொயோட்டா மோட்டார் என்ற தனி நிறுவனமாயிற்று. தறி செய்த பழைய நிறுவனமும் மறையவில்லை. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் இன்றும் தறி செய்கிறது. தொழிற்சாலைகளுக்கான சுமைதூக்கி வண்டிகளும், ஆளில்லா வண்டிகளும் செய்கிறது. தறிக்கும் காருக்கும் ரோபோ வண்டிக்கும் ஒரே பாட்டன் உண்டு என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

டொயோட்டாவின் கார்த் தொழிற்சாலைகளில், தவறு கண்ட தொழிலாளி தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்ற முறை ஏற்பட்டது. நூல் அறுந்தால் நிற்கும் தறியின் வழிவந்த எண்ணம் அது. போற்றத்தக்க எண்ணமே. ஆனால் நெசவுத் தெருவில் பிறந்தவனுக்கு மற்றொன்றும் தெரியும். தானே நிற்கும் தறி நெசவாளிக்கு ஓய்வு தரவில்லை. ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கைத் தந்தது. மிச்சமான உழைப்பு உழைத்தவருக்கே மிஞ்சியதா? அதை இயந்திரம் முடிவு செய்வதில்லை.

என் அக்காள் மகனிடம் வண்டிகள் வந்தபின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முழங்கால் நோவு போய்விட்டது என்றான். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்தான். அவன் பிரிவில் வண்டி தள்ளியவர் பன்னிரண்டு பேர், நால்வர் எஞ்சினர். இவன் உறுப்புகளைக் காரின் வரிசைப்படி பெட்டியில் அடுக்கித் தரும் வேலைக்கு மாற்றப்பட்டான். ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு ஒப்பந்தம் நீளவில்லை. அவர்களில் எங்கள் அடுத்த தெருப் பிள்ளை ஒருவன் விசைத்தறிக்கே திரும்பி வந்து, இப்போது தார் மாற்றிக்கொண்டிருக்கிறான். "மாமா, முன்பு நடக்கும்போது கால் வலிக்கும், ஆனால் கிடங்குக்குத் திரும்பி வரும் வெறும் நடை என்னுடையது. வழியில் நின்று தண்ணீர் குடிப்பேன். யாரோடாவது இரண்டு வார்த்தை பேசுவேன். இப்போது நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். ஒரு பெட்டி போனால் அடுத்த வண்டி வந்து நிற்கிறது" என்றான் அவன்.

நடையை நீக்கினால் களைப்பு நீங்கும் என்று எண்ணிய பொறியாளருக்கு, அந்த நடையிலேயே இளைப்பாறலும் ஒளிந்திருந்தது தெரியவில்லை. இது எங்கள் வட்டாரத்தின் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2012-இல் கீவா என்ற ரோபோ நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அலமாரிகளையே தொழிலாளியிடம் சுமந்துவரும் வண்டிகளைக் கிடங்குகளில் விட்டது. தொழிலாளி நடக்க வேண்டியதில்லை. ஆனால் ரோபோ உள்ள கிடங்குகளில் கடுங்காயங்களின் விகிதம் மற்றவற்றைவிட மிகுதி என்று ரிவீல் என்ற செய்தி ஆய்வு நிறுவனம் 2020-இல் கணக்கு வெளியிட்டது. கைகள் ஓயாமல் ஒரே அசைவைச் செய்ய நேர்வதையும், கூட்டப்பட்ட இலக்குகளையும் அது காரணமாகக் காட்டிற்று. அந்நிறுவனம் இம்முடிவை மறுத்தது. யார் சொல்வது சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் 'கால் ஓய்ந்தது, கை ஓடுகிறது' என்பதை நான் என் அக்காள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

வேகத்தை வகுப்பது லைனே என்ற ஏற்பாடு ஹென்றி ஃபோர்டின் காலத்தது. 1913-இல் டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் அவர் நகரும் தொடரை அமைத்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஒன்றரை மணி அளவுக்குக் குறைந்தது. வேலையைவிட்டு ஓடியவர்களும் பெருகினர். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்தே அவர் ஆட்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. நூறாண்டு கழிந்தும் அந்தக் கேள்வி ஓயவில்லை. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, ஓரகடத்து ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஓடும் லைனில் ஒருவரிடமிருந்து ஒருவர் போதிய இடைவெளி விட்டு நிற்க இயலவில்லை என்பது அதன் முறையீடு. இடைவெளி என்பது அங்கே வேகத்தின் மறுபெயர்.

லைன் இல்லாமலே கார் செய்ய முடியாதா? முடியும் என்று சுவீடனில் ஒரு காலத்தில் செய்து காட்டினார்கள். இந்தச் சான்றைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் அதில் கதாநாயகன் நம் ஆளில்லா வண்டியே.

வோல்வோ நிறுவனம் 1974-இல் கால்மார் என்ற கடற்கரை ஊரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. அந்நாட்டு இளைஞர் லைன் வேலைக்கு வர மறுத்த காலம் அது, வந்தவரும் நிலைக்கவில்லை. ஆகவே நீண்ட லைனையே எடுத்துவிட்டனர். ஒவ்வொரு காரும் தனக்கென்று ஒரு தட்டை வண்டியில் அமர்ந்து, தரைத் தடத்தைப் பற்றிக் குழுவிலிருந்து குழுவுக்குச் சென்றது. பதினைந்து, இருபது பேர் கொண்ட குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதி வேலை, தனி இடம், தனி வாசல், வெளிச்சம் வரும் பெரிய சன்னல்கள். இரண்டு குழுக்களுக்கு இடையே சில வண்டிகள் காத்து நிற்க இடம் விட்டிருந்தனர். அந்த இடம்தான் சூட்சுமம். ஒரு குழு சற்று விரைந்து முடித்தால், முடித்த கார்களை அங்கே நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கலாம். அடுத்த குழுவின் வேலை அதனால் தடைப்படாது. காரின் அடிப்பாகத்தில் வேலை செய்ய வேண்டுமானால், வண்டி காரை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துக் கொடுக்கும். அண்ணாந்து கையை உயர்த்தி நாள் முழுதும் திருகாணி முடுக்கும் வேதனை அங்கே நீங்கியது. குழித்தறியில் குனிந்தே இருந்து முதுகு கூனிய என் தாத்தா அதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கால்மார் 1994-இல் மூடப்பட்டது. விற்பனை குறைந்த காலத்தில் சிறிய தொழிற்சாலைகளை முதலில் மூடினர். ஆகவே அந்தச் சோதனை தோற்றது என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது ஆண்டுகள் கார்கள் அங்கிருந்து வெளியே வந்துகொண்டுதான் இருந்தன. நெடுங்காலம் கழித்து, 2023 நவம்பரில், ஹூண்டாய் நிறுவனம் சிங்கப்பூரில் ஜூரோங் பகுதியில் திறந்த புதிய நிலையத்தில் ஓடும் லைன் இல்லை, தனித்தனி அறைவட்டங்கள், அவற்றிடையே பொருள்களைச் சுமந்து திரியும் ஆளில்லா வண்டிகள். தொழிலாளி பொருத்தியது சரியா என்று நாயின் வடிவில் உள்ள ஒரு நடமாடும் ரோபோ படம் பிடித்துப் பார்க்கிறது. ஆண்டுக்கு 30,000 மின்கார்கள் செய்யும் அளவு உடையது அந்நிலையம். கால்மாரின் வண்டி திரும்பி வந்திருக்கிறது. கால்மாரின் காத்திருக்கும் இடம் உடன் வந்ததா என்பதை அங்கே வேலை செய்பவர்தாம் சொல்ல வேண்டும்.

மாணவர்களே, உங்களில் பொறியியல் படிக்கப்போகிறவர்கள் இத்தகைய வண்டிகளுக்குக் கணக்கு எழுதுவீர்கள். எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே வர வேண்டும் என்று எழுதும்போது, இரண்டு வண்டிகளுக்கு இடையே எத்தனை நொடி விடுவது என்று ஒரு எண்ணை நிரப்ப வேண்டிவரும். அந்த எண்ணைக் குறைப்பது மிக எளிது. அங்கே நிற்பவரைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

சென்ற மாதம் அக்காள் மகன் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு செய்தி சொன்னான். இரவு முறை வேலை. விடியற்காலை மூன்று மணி இருக்கும். வண்டியின் வழியில் எங்கிருந்தோ ஒரு வெற்று அட்டைப்பெட்டி விழுந்து கிடந்தது. முதல் வண்டி அதைக் கண்டு நின்றது. அதன் பின்னால் வந்தது நின்றது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. ஏழு வண்டிகள், மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டு, வரிசையாக நின்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் தொலைவிலிருந்து கையசைத்தார். இவன் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவிட்டான். வண்டி மீண்டும் புறப்பட அதன் தலையில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

"அழுத்தினாயா?" என்று கேட்டேன்.

"அழுத்தினேன் மாமா. முதலில் தண்ணீர் குடித்தேன்" என்றான்.